மனு எழுத யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்?

"நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் நல்லாத்தான் புரிஞ்சுது தம்பி. ஆனா மனு எழுத யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்னு மட்டும் நீங்க சொல்லவேயில்ல."

விழுப்புரம் மாவட்டத்துச் சேரி ஒன்றில், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரு அக்கா என்னிடம் சொன்னது இது. 2018ஆம் ஆண்டின் கடைசியில். நான் நடத்திய மூன்று நாள் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். பயிற்சி மையத்தில் என்னை 'சார்' என்றவர், தன் தெருவில் 'தம்பி' என்றார். அந்தத் 'தம்பி'யில் பாசமும் இருந்தது, கணக்குக் கேட்கிற உரிமையும் இருந்தது. அந்தக் கணக்கை நான் இன்னும் முழுசாகத் தீர்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இது ஆய்வுக் கட்டுரை அல்ல. தொண்டு நிறுவனங்களில் இருபது வருசத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவன், அதில் பாதிக் காலம் பயிற்சியாளன் என்று பேர் வாங்கியவன் தரும் சாட்சியம்.

அக்காவுக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் தெருப் பையன் ஒருவன் ஊர்த் தெரு வழியாக வண்டியில் போனான். நிறுத்தி, சாதி சொல்லித் திட்டி, அடித்தார்கள். பையனின் அப்பா ஸ்டேஷனுக்குப் போனார். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அது போதாது என்று தெரியும். பயிற்சியில் படித்திருக்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018 ஆகஸ்டில் சேர்த்த 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை. ஸ்டேஷனில் மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் தபால் அனுப்பலாம். வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரி மீதே அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு பாயும். எல்லாம் தெரியும். வெள்ளைத் தாள் வாங்கி, பையனின் அப்பாவை உட்காரவைத்து, மனுவை எழுதியும் முடித்துவிட்டார்.

பிறகு நிறுவனத்துக்கு போன் போட்டார். கோ-ஆர்டினேட்டர் சொன்னார்: "டைரக்டர் ஊர்ல இல்ல. வந்ததும் கேட்டுட்டுக் குடுக்கலாம். அவசரப்படாதீங்க." டைரக்டர் வர பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் ஊர்க்காரர்கள் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, சமாதானமாகப் போய்விட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வந்து சேர்ந்த டைரக்டர் சொன்னது இன்னொன்று: "அந்த ஊர்ல நமக்கு ரெண்டு பக்கமும் மகளிர் குழு ஓடுது. உறவு கெட்டுடக் கூடாது பாருங்க."

மனு அக்காவின் பையிலேயே மடித்துக் கிடந்தது. எடுத்துக் காட்டினார். ஒரு பிழை இல்லை. தேதி, இடம், நேரம், சொன்ன வார்த்தை, பார்த்த சாட்சி, பிரிவு எல்லாம் இருந்தது. பயிற்சியாளன் என்ற முறையில் நான் பெருமைப்பட வேண்டிய மனு. எனக்கு அழுகைதான் வந்தது.

*

பயிற்சி என்றால் என்னவென்று இந்தப் பக்கங்களைப் படிக்கிற தோழர்களில் பலருக்குத் தெரியும். போய் உட்கார்ந்திருப்பீர்கள். பேனர் கட்டியிருக்கும். சுவரெல்லாம் சார்ட் பேப்பர். ஸ்கெட்ச் பேனா. முதல் நாள் காலையில் கூச்சம் போக ஒரு விளையாட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் போக இன்னொரு விளையாட்டு. ஐந்து ஐந்து பேராகக் குழுப் பிரித்து, 'சாதி ஒழிப்புக்கான தடைகள்' என்று எழுதி ஒட்டச் சொல்வோம். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு தாள் கொடுப்போம். 'பயிற்சி எப்படி இருந்தது? நன்று, மிக நன்று, சுமார்.' எல்லாரும் 'மிக நன்று' போடுவார்கள். பஸ் காசும் பேட்டாவும் அதற்குப் பிறகுதானே கையில் வரும். கடைசியில் குழுப் போட்டோ. அந்தப் போட்டோ ரிப்போர்ட்டில் ஏறி, ரிப்போர்ட் கடல் தாண்டிப் போகும். சார்ட் பேப்பர் பழைய பேப்பர்காரருக்குப் போகும்.

அதற்குப் பிறகு கதை முடிந்தது. அடுத்த மாசம் வேறொரு தலைப்பு வரும். பாலினம், பேரிடர், தலைமைப்பண்பு, தகவல் உரிமை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒரே களப்பணியாளர் ஒரே மாதத்தில் எத்தனை மண்டபங்களில் உட்கார்ந்தார் என்று கடலோர மாவட்டத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். 'டிரெய்னிங்குக்குப் போனவன்' என்பதே சேரியில் ஒரு கேலிப் பேச்சாகிவிட்டது.

மேலைநாட்டு நிர்வாகப் படிப்பிலேயே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இலேயே பயிற்சியை நான்கு படியாக அளக்கச் சொன்னார். ஆட்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடைமுறை மாறியதா, அதனால் விளைவு வந்ததா. நம் நிறுவனங்கள் அறுபது வருசம் கழித்தும் முதல் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. 1988இல் பால்ட்வின், ஃபோர்டு என்ற இருவர், கற்றது வேலையில் இறங்குவதற்குக் கற்றவர், பயிற்சியின் வடிவம், அவர் திரும்பிப் போகிற வேலையிடம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். நம் ஆட்கள் முதல் இரண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். 'கிராமத்து ஆளுங்களுக்குக் கிரகிக்கிற சக்தி கம்மி' என்பார்கள். 'மெத்தடாலஜி மாத்தணும்' என்பார்கள். மூன்றாவதைத் தொடமாட்டார்கள். வேலையிடம் என்றால் அது அவர்கள் நாற்காலி அல்லவா?

நான் சொல்வது இதுதான். பயிற்சி தோற்பது களப்பணியாளர் மறந்துவிடுவதால் அல்ல. அக்கா ஒரு எழுத்தைக்கூட மறக்கவில்லை. கற்றதைச் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரத்தை வைத்திருப்பவர் பயிற்சிக்கு வருவதில்லை. தொடக்கவுரை ஆற்றிவிட்டு, 'இன்னொரு மீட்டிங் இருக்கு' என்று காரில் ஏறிப் போய்விடுகிறார்.

*

யாருக்குப் பயிற்சி? இந்தக் கேள்வியை நாம் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. எப்போதும் கீழே இருப்பவனுக்குத்தான். கீழே இருப்பவனிடம் ஏதோ குறை, அதை நிரப்ப வேண்டும் என்ற எண்ணம்தான் இதன் அடியில் ஓடுகிறது. 'திறன் வளர்த்தல்' என்று அதற்கு ஒரு பேர். சாதி இந்து மனசும் நம்மைப் பார்த்து அதைத்தானே காலங்காலமாகச் சொல்கிறது, 'உங்களுக்கு இன்னும் பக்குவம் வரல' என்று!

1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தனித் தொகுதிகளில் நம் ஆட்கள் தலைவர்கள் ஆனார்கள். ஊருக்கு ஊர் தலித் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குப் பயிற்சி. கிராம சபை எப்படி நடத்துவது, தீர்மானம் எப்படி எழுதுவது, கணக்கு எப்படிப் பார்ப்பது. நானும் பின்னாளில் அப்படி நடத்தியிருக்கிறேன். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு ஆறு பேரையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனுக்கு எந்தத் திறன் குறைந்திருந்தது? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை தேர்தலையே உருப்படியாக நடத்தவிடவில்லை. அங்கே பக்குவம் இல்லாதவன் யார்? நாற்காலியில் உட்காருபவனுக்கு நூறு பயிற்சி வைத்தார்கள். உட்காரவிடாதவனுக்கு ஒரு மணி நேரம் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிறுவனத்துக்குள்ளேயும் இதே கதைதான். டைரக்டர், நிர்வாகக் குழு, கணக்காளர் இவர்களுக்குப் பயிற்சி கிடையாது. கேட்டால், 'எங்களுக்குத் தெரியாததா?' பாவ்லோ ஃப்ரெய்ரே பெயரைச் சொல்லாமல் இவர்கள் பேச்சைத் தொடங்கமாட்டார்கள். ஃப்ரெய்ரே பிரேசிலில் ஏழைகளுக்கு எழுத்தறிவித்தார். 1964 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அவரைப் பிடித்துச் சிறையில் போட்டு, நாட்டைவிட்டே ஓடவைத்தார்கள். காரணம் அவர் பயிற்சி ஆளை மாற்றியது. அவர் பெயரில் இங்கே நடந்த பயிற்சிகளால் எந்தப் பண்ணையாருக்காவது ஒரு நாள் தூக்கம் கெட்டதா?

*

என் பங்கையும் சொல்ல வேண்டும். மற்றவனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நேர்மை ஆகாது.

ஒருமுறை 'நமக்குள் இருக்கும் சாதி' என்ற தலைப்பில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் கண் கலங்கினார்கள். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெளியே வாளியும் துடைப்பமுமாக ஒரு அம்மா நின்றிருந்தார். அந்த மையத்தின் கக்கூஸ் கழுவுகிறவர். வகுப்பு முடிந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும் என்று காத்திருந்தார். அவர் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற காலனிக்காரர். எனக்குத் தெரியும். அந்த மையத்தில் அந்த வேலைக்கு வேறு சாதி ஆளை யாரும் வைத்ததே இல்லை என்பதும் தெரியும். அவரை உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. அந்த வேலையை எல்லாரும் முறைவைத்துச் செய்வோம் என்றும் சொல்லவில்லை. வகுப்பை முடித்து டீ குடிக்கப் போனேன். 'செம கிளாஸ் சார்' என்றார்கள். சிரித்துக்கொண்டேன்.

பயிற்சியாளன் என்பவன் மூன்று நாள் ராஜா. நான்காம் நாள் நடப்பதற்கு அவன் பொறுப்பில்லை. அந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது. அக்கா அந்தத் திண்ணையில் அதைத்தான் உடைத்தார்.

*

நிர்வாகத்தார் பக்கத்து வாதங்களும் இருக்கின்றன. 'ஆள் நிக்கிறதில்ல. டிரெய்னிங் குடுத்தா வேற வேலைக்குப் போயிடறாங்க.' ஏன் நிற்க வேண்டும்? ஒரு வருச புராஜெக்ட், அது முடிந்தால் வீடு. களத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிற சம்பளத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் விசுவாசம் எதிர்பார்ப்பது பண்ணையார் புத்தி.

'ஃபண்டு நிலைமை மோசம்.' இது உண்மை. மறுக்கவில்லை. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதையே தடை செய்தார்கள். பெரிய நிறுவனத்தின் கை வழியாகக் காசு வாங்கிப் பிழைத்த சேரி மட்டத்துச் சின்ன அமைப்புகளுக்கு மூச்சு நின்றது. அரசு என்ன நினைத்து இதைச் செய்தது என்று நமக்குத் தெரியாதா? அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு களப்பணியாளர் மனு கொடுக்க ஃபண்டு எதற்கு? ஒரு வெள்ளைத் தாள், ஒரு பதிவுத் தபால், ஒரு பஸ் டிக்கெட். அக்காவின் மனுவைத் தடுத்தது டெல்லிச் சட்டம் இல்லை. 'உறவு கெட்டுடக் கூடாது' என்ற அந்த ஒரு வாக்கியம். யாரோடு உறவு? அடித்தவனோடு.

*

மகாடை நினைத்துப் பாருங்கள். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்றது. 1924இல் மகாட் நகராட்சியும் அதை ஏற்று இன்னொரு தீர்மானம் போட்டது. இரண்டும் காகிதம். சவுதார் குளத்துத் தண்ணீர் ஒரு கைக்கும் கிடைக்கவில்லை. 1927 மார்ச் 19, 20 தேதிகளில் அங்கே மாநாடு. அதையும் ஒரு பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பேச்சு. பேசிவிட்டு அம்பேத்கரும் கூடியிருந்தவர்களும் போட்டோ எடுத்துக் கலையவில்லை. வரிசையாகக் குளத்துக்கு நடந்து தண்ணீர் குடித்தார்கள்.

அதோடு முடிந்ததா? அடி விழுந்தது. குளத்தைச் சாணியும் கோமியமும் ஊற்றித் 'தீட்டுக் கழித்தார்கள்'. கோர்ட்டில் தடை வாங்கினார்கள். டிசம்பர் 25 அன்று மறுபடி மகாடில் கூடி மனுஸ்மிருதியை எரித்தார்கள் நம்மவர்கள். வழக்கு நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. பத்து வருசம்! மாநாடு இரண்டு நாள், அதைப் பிடித்துக்கொண்டு நின்றது பத்து வருசம். நாம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறோம். பத்து வருசமாக மூன்று நாள் பயிற்சி நடத்துகிறோம், பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு நாள்கூட இல்லை.

*

அக்காவின் திண்ணையிலிருந்து எழுந்து வந்தவன் கொஞ்ச நாள் பயிற்சிக்கே போகவில்லை. பிறகு பக்கத்து வட்டத்தில் நம் பிள்ளைகள் நடத்துகிற ஒரு சின்ன அமைப்பு கூப்பிட்டது. நான்கு நிபந்தனை போட்டேன். ஒத்துக்கொண்டால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

முதலாவது, பொறுப்பாளரும் கணக்காளரும் கடைசி நிமிசம் வரை பாயில் உட்கார வேண்டும். மேடை கிடையாது. கழிப்பறை கழுவ முறைப் பட்டியலில் பொறுப்பாளர் பேர் முதலில்.

இரண்டாவது, ஒரு பக்கக் கடிதம். 'வன்கொடுமை நடந்தால் மனு எழுதவும் கொடுக்கவும் களப்பணியாளர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கொடுத்த பிறகு தகவல் சொன்னால் போதும். அதனால் வரும் பிரச்சினைக்கு அமைப்பு பொறுப்பேற்கும்.' பயிற்சி தொடங்குமுன் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் கொடுக்க வேண்டும். போக்குவரத்துக் காசு முன்பணமாகக் கையில் இருக்க வேண்டும். பில் கொடுத்து மூன்று மாசம் காத்திருக்கிற கதையெல்லாம் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொருவரும் தன் தெருவிலிருந்து நிஜமான ஒரு வழக்கோடு வர வேண்டும். பயிற்சிக்கென்று கற்பனைக் கதை கிடையாது. ஒவ்வொரு மாசமும் இரண்டாம் சனிக்கிழமை கூடி, ஒரே நோட்டில் தேதிகளைப் பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். என்றைக்கு? டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தாரா? விதிப்படி ஏழு நாளில் தீருதவி வந்ததா? அறுபது நாளில் குற்றப்பத்திரிகை போனதா? சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவைக் கலெக்டர் கூட்டினாரா? கூட்டாவிட்டால் அதற்கொரு மனு. சட்டம் மாறினால் அதே சனிக்கிழமை அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். 2024 ஜூலை 1 முதல் 154 போய் 173 வந்ததை அப்படித்தான் சொன்னோம். அதற்கு மண்டபமும் வேண்டாம், பேனரும் வேண்டாம்.

நான்காவது, அந்த நோட்டை மாசத்துக்கு ஒருமுறை சேரியில் உரக்கப் படிக்க வேண்டும். ஃபண்டு தருகிறவனுக்குப் போகிற ரிப்போர்ட் அதற்கப்புறம்.

நான்காவதுதான் அவர்களுக்குக் கசந்தது. பொறுப்பாளர் தம்பி சொன்னார், "அண்ணே, ஜனங்க எங்களையே கேள்வி கேப்பாங்களே." கேட்கட்டும். அதற்குத்தானே. முதல் முறை படித்தபோது ஒரு பாட்டி எழுந்து, "போன மாசமும் இதத்தான படிச்ச, நடுவுல என்னா புடுங்கின?" என்றாள். எனக்குத் தெரிந்து எந்த மதிப்பீட்டாளரும் கேட்காத கேள்வி. அடுத்த மாதம் அந்தத் தேதிக் கட்டம் காலியாக இல்லை.

எல்லாம் ஜெயித்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில வழக்கில் எஃப்.ஐ.ஆர். வாங்கினோம். சிலதில் தீருதவியின் முதல் தவணை வந்தது, ஏழு நாளில் இல்லை, அலைந்து அலைந்து. சிலதில் பாதிக்கப்பட்டவர்களே களைத்துப்போய்ச் சமரசமானார்கள். ஒரு பையன் மிரட்டலுக்குப் பயந்து திருப்பூருக்குப் போய்விட்டான். ஆனால் ஒன்று மாறியது. மனு இப்போது பையில் மடித்துக் கிடப்பதில்லை. பயிற்சியாளன் நான் வராத மாதங்களிலும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கிறது. ஒரு பயிற்சி நிலைத்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான்.

*

தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் தோழர்களே, மாணவர்களே, இனி யாராவது பயிற்சிக்குக் கூப்பிட்டால் போங்கள். போவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் கற்றுக்கொண்டு வந்தால் நான் தனியாக என்ன முடிவு எடுக்கலாம்? உங்கள் டைரக்டர் எத்தனை நாள் உட்காருவார்? ஆறு மாதம் கழித்து இதைப் பற்றி என் தெருவில் வந்து யார் பேசுவார்? பதில் இல்லையென்றால், அது பயிற்சி இல்லை, சாப்பாட்டோடு கூடிய போட்டோ. கேட்டால் வேலை போகலாம். எனக்கும் ஒரு இடத்தில் போனது. கேட்காமல் இருந்தால் என்ன போகிறது என்பதை அந்தப் பையனின் அப்பா கையில் திணித்த நோட்டுகளில் பாருங்கள்.

அந்த அக்கா அந்த நிறுவனத்தை விட்டு வந்துவிட்டார். இப்போது எங்கள் இரண்டாம் சனிக்கிழமையில் அவர்தான் நோட்டைப் படிக்கிறார். போன மாசம் புதுசாக வந்த பெண் ஒருத்தி அவரைக் கேட்டாள், "அக்கா, மனு எழுதிட்டேன். யாருகிட்ட காட்டணும்?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தபாலாபீஸ்ல காட்டு" என்றார்.